9900 எம்ஏஎச் செல்: போனது பணம் மட்டும்தானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: இரண்டு செல் போடும் எல்இடி டார்ச்சுக்காக இணையச் சந்தையில் ஒரு ஜோடி 18650 செல் (திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் லித்தியம் அயான் உருளை பேட்டரி) வாங்கியிருக்கிறீர்கள். கூடவே ஒரு சார்ஜரும் இலவசமாக வந்திருக்கிறது. உறையில் 9900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, அதாவது செல்லின் கொள்ளளவு) என்று அச்சிட்டிருக்கிறார்கள். விலையோ, பேர்போன கம்பெனி செல்லில் கால்வாசி. நாலரை நட்சத்திரம், நூற்றுக்கணக்கில் பாராட்டு. டார்ச் எரிகிறது, ஆனால் சீக்கிரமே மங்கிவிடுகிறது. "ஏமாந்தது ஏமாந்ததுதான், ஆனால் இதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. உறையில் இருப்பது பொய்யா என்பது ஒன்று; அந்தப் பொய்யால் ஆபத்து உண்டா என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சந்தேகமே இல்லாமல் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். நான் பல வருடங்களாக, பல செல்களைச் சேர்த்து பேட்டரி பேக் கட்டுவதும், பழுதான பேக்குகளைப் பிரித்துப் பார்ப்பதுமாக இருப்பவன். செல் தயாரிக்கும் ஆலைக்குள் வேலை பார்த்தவன் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பொய் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசி சுழி, உருளை வடிவத்தைக் குறிக்கிறது. மொத்தக் கன அளவு பதினாறரை கன சென்டிமீட்டர். இந்த இடத்துக்குள் லித்தியம் அயான் தொழில்நுட்பத்தால் வழக்கமாக அடைக்க முடிந்தது ஏறக்குறைய 3500, 3600 எம்ஏஎச்; மிகச் சமீபத்தில் வந்த ஒன்றிரண்டு செல்களில் மிஞ்சிப்போனால் 4000 வாக்கில். சாம்சங், எல்ஜி, பானசோனிக் எல்லாருமே அந்த 3500, 3600-இல்தான் நிற்கிறார்கள். 9900 என்றால் 3500-ஐப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்படி ஒன்று நிஜமாகவே இருந்தால் மின்சார கார் கம்பெனிகள் அதை வாங்க வரிசையில் நிற்கும், இலவச சார்ஜரோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்காது. 5000, 6800, 9900, 12000 என்று இந்த அளவு செல்லில் எந்த எண்ணைப் பார்த்தாலும் அது அச்சகத்தில் பிறந்த எண். அளந்து பார்த்தால் பெரும்பாலும் ஆயிரம் சொச்சம் வரும், பலதில் அதுகூட வராது. இதற்குச் சற்றுப் பெரிய அண்ணன் 21700. அதிலேயே 5000 என்பதுதான் சாதாரணமாகக் கிடைக்கும் நல்ல அளவு.

அந்த உறையைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும்? நான் பார்த்தவரை பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதல் வகை, ஆலையில் தரச்சோதனையில் தேறாமல் ஒதுக்கப்பட்ட செல். இரண்டாவது, பழைய லேப்டாப் பேக்கிலிருந்து பிடுங்கிய செல். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பிளாஸ்டிக் உறையை பிளேடால் மெல்லக் கீறி உரித்தால், இரு முனையிலும் ஸ்பாட் வெல்டிங் செய்த நிக்கல் பட்டையைப் பிய்த்தெடுத்த தழும்புகள் தெரியும். ஊசி முனை அளவில் ஜோடி ஜோடியாகப் பள்ளங்கள், அதன் மேல் பளபளப்பாக உரசித் தேய்த்த தடம். சில சமயம் பழைய கம்பெனியின் உறையை எடுக்கக்கூட சோம்பல்பட்டு, அதன் மேலேயே புதிய உறையைச் சுருக்கியிருப்பார்கள். உரித்தால் அடியில் வேறொரு பெயர், வேறொரு கொள்ளளவு. மூன்றாவது வகை கொஞ்சம் துணிச்சலானது. 18650 அளவுள்ள வெறும் குழலுக்குள் அதைவிடச் சின்ன செல் ஒன்றை வைத்து, மிச்ச இடத்தில் வெள்ளைப் பொடியைக் கொட்டி அடைத்திருப்பார்கள். (உறையை உரிப்பதை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். நேர்முனையை ஒட்டியே எதிர்முனை உலோகம் இருக்கிறது. பிளேடு ஒரு மில்லிமீட்டர் நழுவினால் ஷார்ட்.)

சரி, ஆபத்துக்கு வருவோம். கொள்ளளவு குறைவாக இருப்பது தன்னளவில் ஆபத்தில்லை. சொல்லப்போனால் ஆயிரம் எம்ஏஎச் செல்லில் எரிவதற்கு இருக்கும் சக்தியே குறைவு. சிக்கல் எங்கே என்றால், உறையில் கூசாமல் பொய் அச்சிட்டவர் உள்ளே எதையெல்லாம் வைக்காமல் விட்டார் என்பது நமக்குத் தெரியாது. லித்தியம் அயான் செல் என்பது, செப்புத் தாளில் கிராஃபைட் பூசிய நெகட்டிவ் தகடு, அலுமினியத் தாளில் உலோக ஆக்சைடு பூசிய பாசிட்டிவ் தகடு, இரண்டுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம், எல்லாவற்றையும் சுருட்டி எரியக்கூடிய கரைப்பானில் ஊறவைத்தது. அந்தப் படலத்தின் தடிமன் பத்திலிருந்து இருபத்தைந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுக்கொள்ளாமல் இருக்கும்வரைதான் எல்லாம் நலம். தகட்டின் ஓரத்தில் ஒரு பிசிறு, வெட்டும்போது சிதறிய ஓர் உலோகத் துகள், சுருட்டும்போது அரை மில்லிமீட்டர் விலகல் போதும், படலத்தில் ஓட்டை விழுவதற்கான வேலை ஆரம்பமாகிவிடும்.

இது மலிவு கம்பெனிக்கு மட்டும் நடப்பதில்லை. லித்தியம் அயானை 1991-இல் முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்ததே சோனிதான். அதே சோனியின் செல்களில் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்துபோனதால் 2006-இல் டெல் என்ற ஒரு நிறுவனமே 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. 2016-இல் சாம்சங் நோட் 7 போன்கள் தீப்பிடித்தபோது, ஒரு சப்ளையரின் பேட்டரியில் மூலையில் தகடு மடங்கியிருந்தது தெரிந்தது. அவசரமாக மாற்றிக்கொடுத்த இன்னொரு சப்ளையரின் பேட்டரியில் வெல்டிங் பிசிறு படலத்தைக் குத்தியிருந்தது. எக்ஸ்ரே, சுத்த அறை, ஆயிரம் சோதனை வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கதி. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் எந்தத் தேதியில் எந்த இயந்திரத்தில் தயாரித்தது என்று கண்டுபிடித்து, திரும்பக் கூப்பிட்டு, பணமும் கொடுத்தார்கள். உங்கள் 9900-ஐத் திரும்பக் கூப்பிட யாரும் இல்லை. அந்தக் கடையின் பெயரே அடுத்த வருடம் இருக்குமா என்பது சந்தேகம்.

மலிவு செல்லில் இந்தக் குறை கூடுதலா என்று கேட்டால், கையில் ஓரளவு தரவு இருக்கிறது. லூமாஃபீல்ட் என்ற சிடி ஸ்கேன் நிறுவனம் 2025-இல் பத்து பிராண்டுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட 18650 செல்களை ஸ்கேன் செய்து பார்த்தது. நெகட்டிவ் தகடு எப்போதும் பாசிட்டிவ் தகட்டைவிடக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சார்ஜ் ஏறும்போது லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய இடமில்லாமல் ஓரத்தில் உலோகமாகப் படிந்து, ஊசிபோல வளரத் தொடங்கும். அந்த நீட்டம் தலைகீழாக இருந்த செல்கள் 33. அத்தனையும் மலிவு அல்லது போலி பிராண்டுகளைச் சேர்ந்தவை, பேர்போன கம்பெனி செல் ஒன்றுகூட அதில் இல்லை. இதை வைத்து "33 செல்லும் வெடிக்கும்" என்று சொல்ல முடியாது, அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அது வெளியிலிருந்து தெரியவே தெரியாத குறை. டார்ச் எரியும், மல்டிமீட்டரில் வோல்டேஜ் சரியாகக் காட்டும்.

உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதில் சந்தேகமில்லை. சூடு எண்பது, நூறு டிகிரியைத் தாண்டும்போது கிராஃபைட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படிவு சிதைந்து தானே வெப்பத்தை உண்டாக்கும். நூற்று முப்பதைத் தாண்டினால் பிளாஸ்டிக் படலம் உருகத் தொடங்கும். இருநூறு வாக்கில் பாசிட்டிவ் தகட்டிலிருந்தே ஆக்சிஜன் வெளிவரும், எரிய வெளிக்காற்றுகூட வேண்டாம். ஒரு கட்டத்துக்குமேல் இதை யாராலும் நிறுத்த முடியாது. அதனால்தான் நல்ல செல்லின் மூடிக்குள் உள்ளழுத்தம் ஏறினால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஒரு தகடு, பல செல்களில் சூடானால் மின்தடை ஏறும் ஒரு வளையம், கடைசியாக வாயுவை வெளியேற்றும் வால்வு என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். போலி செல்லில் மிச்சம்பிடிக்க முதல் இடம் இந்த மூடிதான். வால்வு இல்லாத செல்லில் வாயுவுக்கு வெளியேற வழி இருக்காது, அது குழலையே பிளக்கும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது டார்ச்தான். தண்ணீர் புகாத டார்ச் என்றால் அது ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய அலுமினியக் குழாய். செல் ஒழுங்காக வாயுவை விட்டாலும், டார்ச் அதை வெளியே விடாது. அதுபோக, இரண்டு செல்களும் தொடர் இணைப்பில் இருக்கின்றன. ஒன்று 1200, இன்னொன்று 700 என்று வைத்துக்கொள்ளுங்கள் (போலி ஜோடிகளில் இது சர்வ சாதாரணம்). சின்னது முதலில் காலியாகும், ஆனால் பெரியது அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலியான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகத் தொடங்கும். வோல்டேஜ் மிகக் கீழே போனால் செப்புத் தாள் கரையத் தொடங்கும்; மறுபடி சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட்டுக்கு வழி செய்யும். டார்ச் மங்கிய பிறகும் அணைக்காமல் விட்டிருந்தால், அந்தச் செல்களை மறுபடி சார்ஜரில் போடவே போடாதீர்கள்.

"புரொடெக்டட்" என்று உறையில் இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பாதுகாப்புச் சுற்று, அடிப்பக்கத்தில் ஒட்டிய ஒரு சிறிய வட்டப் பலகை. அது இருந்தால் செல்லின் நீளம் 68, 70 மில்லிமீட்டராவது இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்தால் 65 என்றால், அந்தச் சொல்லும் 9900 போலத்தான். இலவசமாக வந்த சார்ஜரும் இதே கணக்கில் சேர்ந்ததே. லித்தியம் செல் 4.2 வோல்ட்டை எட்டியதும் சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். பல இலவச சார்ஜர்களில் பச்சை விளக்கு மாறும், ஆனால் மின்னோட்டம் நிற்காது. மல்டிமீட்டர் இருந்தால், பச்சை வந்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்து அளந்து பாருங்கள். 4.25-ஐத் தாண்டியிருந்தால் அந்த சார்ஜரை ஓரம் கட்டுங்கள். இந்தச் சோதனையை வேறொரு நல்ல செல்லை வைத்து, பக்கத்தில் இருந்து செய்யுங்கள்.

வீட்டுச் சோதனைகள் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. நிஜ 18650 செல்லின் எடை 45 கிராமிலிருந்து 49 கிராம் வரை. உங்களுடையது முப்பது சொச்சம் என்றால் விஷயம் முடிந்தது. 46 என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை, பொடிக்கும் எடை உண்டு. டிஸ்சார்ஜ் செய்து கொள்ளளவைக் காட்டும் சார்ஜர் இருந்தால் நிஜ எம்ஏஎச் தெரியும். உள்மின்தடை காட்டும் கருவி இருந்தால், நல்ல புதிய செல்லில் பெரும்பாலும் ஐம்பது மில்லியோமுக்குக் கீழே இருக்கும். நூற்றைம்பதைத் தாண்டினால் கிழடு. சார்ஜில் வைத்தபோது கை பொறுக்காத சூடு வந்தால் கேள்வியே இல்லை. முழுதாகச் சார்ஜ் செய்து ஒரு வாரம் சும்மா வைத்து, வோல்டேஜ் கணிசமாக இறங்கினால் உள்ளே கசிவு இருக்கிறது. இதில் எந்தச் சோதனையில் தோற்றாலும் செல் மோசம் என்பது உறுதி. எல்லாவற்றிலும் தேறிவிட்டால்? கொள்ளளவு இவ்வளவு, இன்றைக்கு நிலைமை இப்படி என்பது மட்டும்தான் உறுதி. தகட்டின் நீட்டத்தையோ, மூடிக்குள் வால்வு இருக்கிறதா என்பதையோ வீட்டில் உட்கார்ந்து அளக்க முடியாது. என் பட்டறையிலும் முடியாது.

நட்சத்திரங்களை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் போலி விமர்சனங்கள் மட்டுமல்ல. நேர்மையாக எழுதுபவரும் பார்சல் வந்த வாரத்தில் எழுதுகிறார்: "டார்ச் எரிகிறது, பேக்கிங் அருமை". செல் காட்டிக்கொடுப்பது மாதக்கணக்கில் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு. வேறு பொருளுக்கு விழுந்த நல்ல விமர்சனங்கள் இருந்த பக்கத்திலேயே பொருளை மாற்றிவிடுகிற தந்திரமும் உண்டு. பெரிய சந்தைகளின் கிடங்குகளில் பல விற்பனையாளர்களின் சரக்கு ஒன்றாகக் கலக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. அப்படிக் கலந்தால், நல்ல விற்பனையாளரிடம் வாங்கியவருக்கும் அடுத்தவர் சரக்கு வந்து சேர்ந்திருக்கலாம். சிஇ என்ற ஐரோப்பிய முத்திரையைப் பொறுத்தவரை, இந்த மாதிரிப் பொருளில் அது தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது. போலிக்காரருக்கு அதை அச்சிடுவதில் என்ன கஷ்டம்? ஐஇசி 62133 (ரீசார்ஜ் செல்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம்) அல்லது யுஎல் (அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம்) சான்று, அதுவும் எண் போட்டு, அந்த எண்ணைச் சான்றளித்தவரின் பட்டியலில் தேடினால் அதே மாடல் கிடைக்கிறது என்றால், அதற்கு மதிப்பு உண்டு.

இன்னொரு விஷயமும் நிறையப் பேருக்குத் தெரியாது. சாம்சங், எல்ஜி போன்றவர்கள் உதிரி 18650 செல்களைத் தனிநபர்களுக்கு விற்பதற்காகத் தயாரிப்பதே இல்லை. பேக் கட்டும் கம்பெனிகளுக்காகத்தான். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில், உதிரி 18650 செல்களை வாங்கவும் வேண்டாம், பயன்படுத்தவும் வேண்டாம் என்றே எச்சரித்தது. டார்ச் பிரியர்களுக்கு அது அதிகப்படியாகத் தோன்றும், எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். நல்ல செல், பாதுகாப்புச் சுற்று, நல்ல சார்ஜர் மூன்றும் இருந்தால் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. ஆனால் ஆணையம் சொல்வதன் காரணம் புரியாமல் இல்லை. பெயரை வைத்து ஏமாறாமல் இருக்க ஒரு சின்ன குறிப்பு: சோனி தன் பேட்டரி தொழிலை 2017-இல் முராட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. "சோனி, புத்தம் புது தயாரிப்பு" என்று இன்றைக்கு யாராவது விற்றால் கேள்வி கேளுங்கள்.

மற்ற வகைகளுக்கு இதே பயம் வேண்டாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ பேட்டரிகள் மலிவாக இருந்தால் ஏமாற்றம்தான் பெரும்பாலும். நல்ல ஏஏ 2000-இலிருந்து 2700 எம்ஏஎச் வரை, அதற்கு மேல் போட்டிருப்பதைச் சட்டை செய்யாதீர்கள். லித்தியம் அளவுக்குத் தீ ஆபத்து அதில் இல்லை. ஆனால் 1.5 வோல்ட் என்று வரும் ரீசார்ஜபிள் ஏஏ, உள்ளே சின்ன லித்தியம் செல்லும் ஒரு மின்மாற்றுச் சுற்றும் வைத்தது. அதற்கு லித்தியத்தின் எல்லா எச்சரிக்கையும் பொருந்தும், அதற்கென்றே வந்த சார்ஜரில் மட்டும்தான் போட வேண்டும். பவர் பேங்க் விஷயத்தில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். 20000 என்று வாங்கியதில் 12000, 13000 தான் போனுக்குப் போகிறது என்றால் அது மோசடி அல்ல, 3.7 வோல்ட் கணக்கை 5 வோல்ட்டுக்கு மாற்றும்போது குறைவதும் வழியில் ஆகும் இழப்பும்தான். எனக்கு உண்மையில் கவலை தருவது மலிவான மின்சைக்கிள் பேக்குகளும், பவர் டூல்களுக்கான மாற்று பேக்குகளும். பத்து, ஐம்பது செல் ஒரே பெட்டிக்குள். ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பது பற்றும். செல் ஒவ்வொன்றின் வோல்டேஜையும் கவனிக்கும் கம்பிகளோ, சூட்டை அளக்கும் சென்சாரோ இல்லாத பேக்குகளைப் பிரித்திருக்கிறேன். சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் சார்ஜரை ஏமாற்ற ஒரு சாதாரண ரெசிஸ்டரைப் பற்றவைத்திருந்தார்கள். உங்கள் டார்ச் செல்லைவிட இவற்றுக்கு நூறு மடங்கு யோசியுங்கள்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன். உங்கள் இரண்டு செல்களும் தீப்பிடிக்குமா? தெரியாது, அவற்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இம்மாதிரி செல்களில் மிகப் பெரும்பாலானவை ஒரு சத்தமும் இல்லாமல் செத்துப்போகின்றன. "எனக்கு இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல" என்று இங்கே கீழே கருத்துப் பகுதியில் சிலர் எழுதுவார்கள், அது பொய்யாக இருக்காது. ஆனால் அவர்களுடைய செல் உங்களுடைய செல் அல்ல. ஒரே உறைக்குள் வெவ்வேறு இடத்துக் குப்பைகள் வருகிற தொழில் இது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஜோடியை இனி சார்ஜ் போட மாட்டேன், சார்ஜரையும் சேர்த்து ஒதுக்கிவிடுவேன். புதிதாக வாங்கும்போது டார்ச் கம்பெனியே தன் பெயரில் விற்கும் பாதுகாப்புச் சுற்றுள்ள செல்லையோ, பேட்டரி மட்டுமே விற்று, அளந்த கொள்ளளவை வெளியிடும் கடையின் செல்லையோ வாங்குவேன். இரண்டும் ஒரே மாடலாக, ஒரே சமயத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும், சேர்த்தே பயன்படுத்தி சேர்த்தே சார்ஜ் செய்ய வேண்டும். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் சார்ஜில் விடாதீர்கள். தலையணை, மெத்தை மேல் வேண்டவே வேண்டாம்.

பழைய ஜோடியைக் குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை வண்டி நசுக்கும்போது அங்கே தீப்பிடிக்கும். டார்ச்சிலேயே முழுக்கக் காலி செய்கிறேன் என்று இறங்காதீர்கள். மேலே சொன்ன தலைகீழ் சார்ஜ் தொல்லை அதில்தான் வரும். இருக்கிறபடியே வெளியே எடுத்து, இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். அதுவரை எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாமல், வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். நடுவில் எப்போதாவது வீங்கியோ, இனிப்பான கரைப்பான் வாசனை வந்தோ, 'உஸ்' என்று சத்தம் கேட்டோ தெரிந்தால் கையில் எடுக்காதீர்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு போன்ற நச்சு வாயு இருக்கும், எல்லாரையும் வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். எரிந்து அடங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் அவர்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை அந்த அறைக்குள் போக வேண்டாம்.